ஊட்டிக் குளிரில் பிர்ச் மரம் வளருமா?

9 ஜனவரி 2020, கொடைக்கானல் வாசகி ஒருவரின் கேள்வி

கொடைக்கானலில் ஒரு பழைய பங்களா வாசலில் வெள்ளைத் தண்டு மரங்கள் நாலு வரிசையாக நிற்கின்றன. பட்டை உரிந்து தொங்குகிறது. பிர்ச் மரம் என்று டிரைவர் சொன்னார். எங்கள் வீட்டுப் புல்தரை ஓரம் மூன்று வைக்க ஆசை. இந்த மலைக் குளிருக்கு வரும்தானே? கன்று எங்கே கிடைக்கும்? படம் இணைத்திருக்கிறேன்.

10 ஜனவரி 2020

படம் பார்த்தேன் அக்கா. அது பிர்ச் இல்லை, கற்பூர மரம். உங்கள் பக்கம் தைல மரம் என்பீர்கள். வெள்ளைத் தண்டைப் பார்த்து ஏமாறுவது நிறைய பேருக்கு நடக்கிறது.

அடுத்த முறை போனால் உரிந்த பட்டையைப் பாருங்கள். கற்பூர மரத்தில் அது நெடுக்காக, நாடா நாடாகத் தொங்கும். பிர்ச்சில் தண்டைச் சுற்றிக் குறுக்காக, காகிதச் சுருள் மாதிரி உரியும். பிர்ச் தண்டில் பேனாவால் கிழித்ததுபோல் சின்னச் சின்னக் குறுக்குக் கோடுகள் இருக்கும். அவை மரம் மூச்சு விடும் துளைகள். கற்பூர மரத்தில் அப்படிக் கோடுகள் தெரியாது. பிர்ச் இலை சின்னது, நுனி கூர்மை, ஓரமெல்லாம் ரம்பப்பல், பெரிய பல்லுக்குள் சின்னப் பல். கற்பூர மர இலை அரிவாள் மாதிரி நீளம், கசக்கினால் தைல வாசம் தூக்கும். எல்லாவற்றையும் விட, இது ஜனவரி. பிர்ச்சாக இருந்தால் இந்த மாதத்தில் மொட்டையாகவோ பாதி மொட்டையாகவோ நின்றிருக்கும். உங்கள் படத்தில் இலை அடர்த்தியாக இருக்கிறது.

வளருமா என்றால், வளரும். குளிர் இருக்கிறது, மண் புளிப்பு மண், மழை இருக்கிறது. அதுபோதும். ஊட்டிக்குப் பக்கத்தில், தலைகுந்தாவில் என் வீட்டில் மூன்று வெள்ளி பிர்ச் இருக்கிறது. 2017 ஜனவரியில் விதை போட்டு எடுத்தவை.

14 ஜனவரி 2020

பொங்கல் அலைச்சலுக்கு நடுவே எழுதுகிறேன், நாலு பேர் விதை விவரம் கேட்டிருக்கிறார்கள்.

விதை மிளகாய் விதையைவிடச் சின்னது, இரண்டு பக்கமும் மெல்லிய சிறகு. ஊதினால் பறந்துவிடும், கதவைச் சாத்திக்கொண்டு பிரியுங்கள். ஈர மணலில் கலந்து டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் ஆறு வாரம் வைத்தேன். குளிர்காலம் முடிந்துவிட்டது என்று விதைக்குத் தெரிய வேண்டும். பிறகு தட்டில் மண் பரப்பி மேலே தூவினேன், அவ்வளவுதான். மண் போட்டு மூடக் கூடாது. முளைக்க வெளிச்சம் வேண்டும். முதல் தட்டில் கேரட் விதைக்கு மூடுகிற பழக்கத்தில் அரை அங்குலம் மண் போட்டேன். ஒன்றுகூட வரவில்லை. இரண்டாவது தட்டில் இருபது வந்தது. ஈரம் அதிகமாகி அடித்தண்டு அழுகி பதினேழு போச்சு.

விதையை வெளிநாட்டிலிருந்து பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரும் யோசனையை ஒருவர் எழுதியிருந்தார். செய்யாதீர்கள். 2003ஆம் ஆண்டுத் தாவரத் தொற்றுத்தடை உத்தரவின்படி இறக்குமதி அனுமதியும் நோயின்மைச் சான்றிதழும் வேண்டும். இந்த மலையில் ஏற்கெனவே வந்திறங்கிய பூச்சிகள் போதும்.

2 மார்ச் 2020

வெயில் ஏறிவிட்டது. பிர்ச்சுக்கு ஊட்டியில் எதிரி குளிர் அல்ல, மார்ச்தான். வேர் ஆழம் போகாது, மேல்மண்ணிலேயே படரும். ஜனவரியிலிருந்து மழை இல்லாமல் மேல்மண் பொடியாகும்போது மரத்துக்குக் குடிக்க ஒன்றும் இருக்காது. இலை ஓரம் டீத்தூள் நிறத்தில் கருகினால் நோய் என்று மருந்தைத் தேடாதீர்கள், தண்ணீர் ஊற்றுங்கள். வாரம் ஒருமுறை இரண்டு குடம், மெதுவாக. அடியில் பைன் சருகால் நாலு விரல் மூடாக்கு. தண்டை ஒட்டிக் குவிக்காமல் ஒரு சாண் தள்ளி.

புல்தரை நடுவில் வைக்காதீர்கள். புல்லும் பிர்ச்சும் ஒரே ஆழத்தில் தண்ணீருக்குச் சண்டை போடும். கன்று சின்னதாக இருக்கும்வரை ஜெயிப்பது புல்தான். கேரட் போடும் நிலத்துக்குக் கொட்டுகிற சுண்ணாம்பும் இதற்குத் தேவையில்லை.

21 ஜூன் 2020

மூன்றும் ஒரே தட்டில் பிறந்தவை, ஒரே விதைப் பொட்டலம். கேட் பக்கம் நிற்கும் ஒன்றாம் நம்பர் என் தலைக்கு மேல் போய்விட்டது. கிணற்றுப் பக்கமும் கொல்லையிலும் நிற்கிற இரண்டும் மூன்றும் முழங்கால் உயரம், அதற்கு மேல் அசையவில்லை. ஏப்ரலில் துளிர்த்து விரல் நீளம் வளரும், மே மாதமே நுனி மூடிக்கொள்ளும், அவ்வளவுதான் அந்த வருஷ வளர்ச்சி.

ஒன்றாம் நம்பர் குழியில் மட்டும் பழைய தொழு உரம் இரண்டு சாக்கு போட்டிருந்தேன். வித்தியாசம் அதுதான். ஆகவே உரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

22 ஜூன் 2020

கோத்தகிரி அண்ணன் கேட்டது நியாயம்: "உரம்தான் காரணம்னா மத்த ரெண்டுக்கும் இப்ப போட்டுப் பாக்க வேண்டியதுதானே?" போட்டாச்சு. அடுத்த வருஷம் சொல்கிறேன்.

27 டிசம்பர் 2020

நீர்ப்பனி முடிந்து உறைபனி. காலையில் புல்லெல்லாம் உப்புக் கொட்டியதுபோல் கிடந்தது, ஸ்கூட்டர் சீட்டில் விரலால் பெயர் எழுதலாம். ஊட்டிப் பூங்காவில் நாற்றுகளுக்குப் போடுகிற மாதிரி கோத்தகிரி மிலார் செடி வெட்டிவந்து சின்ன இரண்டுக்கும் கூடாரம் கட்டினேன். பெரியதுக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். ஐரோப்பாவின் வடகோடி வரை பனியில் நிற்கிற மரம்தானே.

நேற்று பார்த்தால் பெரியதன் நுனிக்கொழுந்துகள் எல்லாம் வெந்த கீரை மாதிரி கறுத்துத் தொங்குகின்றன. ஒரு சாண் அளவுக்குப் போச்சு. சின்னவற்றில் ஒன்றில் மிலார் காற்றில் விலகித் திறந்தே கிடந்தது, அதற்கு ஒரு கீறல் இல்லை. மூடிய மொட்டோடு கல் மாதிரி நிற்கிறது. வலுவான மரம் அடிபட்டு நோஞ்சான் தப்பித்தது எப்படி என்று எனக்குப் புரியவில்லை.

28 மார்ச் 2021

கருகிய நுனிகளை வெட்டப் போய் தப்பு செய்துவிட்டேன். வெட்டின இடத்திலெல்லாம் தண்ணீர். குழாய் கசிவதுபோல் சொட்டு சொட்டாக ஐந்து நாள். அம்மா மஞ்சளைக் குழைத்து வைக்கச் சொன்னார், வைத்தேன், நிற்கவில்லை. இலை விரியும் முன் வேர் கீழிருந்து தள்ளுகிற சாறு அது. இலை நன்றாக விரிந்ததும் தானாக நின்றது. மரம் சாகவில்லை, ஆனால் பார்க்கத் தாங்கவில்லை. பிர்ச்சைக் கவாத்து செய்வதென்றால் இலை முற்றிய பிறகு, ஜூலை ஆகஸ்டில். பிப்ரவரி, மார்ச் கூடாது.

உரம் போட்ட சின்னவை இரண்டும் இன்னும் முழங்காலிலேயே நிற்கின்றன. இலை கரும்பச்சை ஆனது, உயரம் ஏறவில்லை.

15 ஆகஸ்ட் 2021

கூடலூர் தம்பி கோபமாகவே எழுதியிருக்கிறார். சீகை மரமும் கற்பூர மரமும் பைனும் இந்த மலையைத் தின்றது போதாதா, இன்னொரு வெளிநாட்டு மரம் எதற்கு என்று.

இந்தக் கேள்வியைத் தட்டிவிட எனக்கு மனசு வரவில்லை. சீகையை 19ஆம் நூற்றாண்டில் விறகுக்கென்று கொண்டுவந்தார்கள். அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு உயிரோடு கிடந்து, தீ பட்டதும் கொத்தாக முளைக்கும். புல்வெளி போனது அப்படித்தான். புல்வெளி போனால் ஓடைக்குத் தண்ணீர் தருகிற பஞ்சு போகிறது. பிர்ச்சும் திறந்த இடத்தை முதலில் பிடிக்கிற சாதி, விதை காற்றில் பறக்கும். ஆகவே "அழகு மரம்தானே" என்று சும்மா இருக்க முடியாது. சோலை ஓரமோ புல்வெளி ஓரமோ வீடு இருப்பவர்கள் வைக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. என் வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் கேரட்டும் உருளைக்கிழங்கும்தான். இதுவரை என் மரம் பூக்கவில்லை. பூனைவால் மாதிரி பூங்கதிர் தொங்கும் நாளில் என்ன செய்வது என்று அன்றைக்கு எழுதுகிறேன்.

இன்னொன்று. மலைப்பகுதியில் மரம் வெட்ட 1955ஆம் ஆண்டு மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நட்ட பிறகு பிடிக்கவில்லை என்று இஷ்டத்துக்குச் சாய்க்க முடியாது, அந்தச் சட்டப்படி அமைந்த குழுவின் அனுமதி கேட்க வேண்டிவரும். சுவர் ஓரமும் சாக்கடை ஓரமும் வைப்பவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

16 ஆகஸ்ட் 2021

தம்பி பதில் போட்டார்: "பூக்கும்போது முப்பதடி உயரத்துல இருக்கும், எப்படிப் பறிப்பீங்க?" சரியான கேள்வி. பதில் இல்லை. மரத்தைப் பத்தடிக்கு மேல் விடுவதா என்பதையே யோசிக்க வேண்டும்.

30 செப்டம்பர் 2022

ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஜூலை மாதக் காற்றில் எங்கள் கேட் எதிரே இருந்த தெருவிளக்கு போனது. இன்னும் மாற்றவில்லை. ஒன்றாம் நம்பர் ஒவ்வொரு வருஷமும் நவம்பர் வரை நுனி விட்டுக்கொண்டே இருக்கும். இந்த வருஷம் ஆகஸ்ட் கடைசியிலேயே நுனி மூடிவிட்டது. இன்று ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். கொழுந்து இருக்க வேண்டிய இடத்தில் அரிசி அளவு மொட்டு, பழுப்புச் செதில் போர்த்தி, தொட்டால் பிசுபிசு. கொல்லையில் நிற்கிற சின்னவற்றில் மே மாதம் பார்க்கிற அதே மொட்டு.

உரமில்லை. விளக்கு.

8 அக்டோபர் 2022

ஒரு வாரம் தேடிப் படித்துவிட்டு எழுதுகிறேன். முதல் நாள் நான் எழுதிய "குளிர் போதும், வளரும்" என்பது தவறு. ஜூன் 2020இல் தொழு உரத்துக்குக் கொடுத்த பெருமையும் தவறு. அதை நம்பி யாராவது சாக்குக் கணக்கில் உரம் போட்டிருந்தால் மன்னியுங்கள்.

பிர்ச் காலத்தைக் குளிரை வைத்து மட்டும் கணக்கிடுவதில்லை, பகலின் நீளத்தை வைத்துக் கணக்கிடுகிறது. இரவு நீண்டால் குளிர்காலம் வருகிறது என்று எடுத்துக்கொண்டு, நுனியை மூடி மொட்டு கட்டிவிடும். வெள்ளி பிர்ச்சின் ஊரில் கோடைப் பகல் எவ்வளவு என்று பாருங்கள். லண்டனில் ஜூன் கடைசியில் பதினாறரை மணி நேரம், ஹெல்சின்கியில் பத்தொன்பதுக்குப் பக்கம். ஊட்டி 11 பாகை அட்சரேகையில் இருக்கிறது. நம்முடைய மிக நீண்ட பகலே பன்னிரண்டே முக்கால் மணி நேரம்தான், மிகக் குறைந்தது பதினொன்றரைக்குச் சற்றுக் கீழே. அந்த மரத்தின் உடம்புக்குள் இருக்கிற கடிகாரத்துக்கு ஊட்டியில் கோடை என்பதே கிடையாது. எப்போதும் இலையுதிர் காலம். துளிர்த்து விழிக்கும், வெளியே பார்க்கும், நேரமாகிவிட்டது என்று மறுபடி படுத்துவிடும். இரண்டும் மூன்றும் ஐந்து வருஷமாக முழங்கால் உயரத்தில் நிற்பது இதனால்தான். எவ்வளவு வடக்கிலிருந்து விதை வந்ததோ அவ்வளவு சீக்கிரம் மூடிக்கொள்ளும்.

ஒன்றாம் நம்பருக்குத் தெருவிளக்குதான் நீண்ட பகல். இந்த வேலைக்கு வெயில் அளவுக்கு வெளிச்சம் தேவையில்லை, மங்கின ஒளியே போதும்.

டிசம்பர் 2020 புதிருக்கும் இதுதான் விடை. விளக்கடியில் நின்றதால் பெரியது குளிர்காலம் வருவதையே அறியாமல் பச்சைக் கொழுந்தோடு இருந்தது, உறைபனி வெந்நீர் ஊற்றினதுபோல் ஆக்கிவிட்டது. சின்னவை மே மாதமே கதவைச் சாத்திவிட்டவை, அவற்றைப் பனி என்ன செய்யும்.

11 அக்டோபர் 2022

இமயமலை பூர்ஜ மரத்தைப் பற்றிக் கேட்டவருக்கு. பட்டையில் சுவடி எழுதினார்களே, அதுவும் பிர்ச்தான், பெட்டுலா யூட்டிலிஸ். நமக்குப் பனையோலை, காஷ்மீருக்குப் பூர்ஜப் பட்டை. 1881இல் பெஷாவர் பக்கம் தோண்டி எடுத்த பக்ஷாலி கணிதச் சுவடி அந்தப் பட்டையில் எழுதியதுதான், அதில் சுழியத்துக்குப் புள்ளி வைத்திருக்கிறார்கள். கங்கோத்ரியிலிருந்து கோமுக் போகிற வழியில் போஜ்பாசா என்ற இடத்துக்குப் பெயர் வந்ததே இந்த மரத்தால். யாத்திரிகர்கள் அடுப்பெரித்தே அங்கே காட்டைத் தீர்த்துவிட்டார்கள். மலையேறி ஹர்ஷவந்தி பிஷ்ட் அங்கே மறுபடி கன்று நட்டு வளர்த்தார்.

நர்சரிகளில் "ஜாக்மாண்டி" என்று விற்கிற பால்வெள்ளைத் தண்டு ரகம் இதன் வகைதான். 1832இல் பம்பாயில் இறந்துபோன பிரெஞ்சுத் தாவரவியலாளர் விக்டர் ஜாக்மோன் பெயரால் அழைக்கிறார்கள். ஆனால் இது மரங்கள் நிற்கிற கடைசி எல்லையில், 3000 மீட்டருக்கும் மேலே வாழ்கிற சாதி. நம் தொட்டபெட்டா உச்சியே 2637 மீட்டர்தான். காஷ்மீர்க் கோடைப் பகலும் பதினாலு மணிக்கு மேல். இங்கே வைத்தால் வெள்ளி பிர்ச்சைவிட ஒரு பிடி கூடுதலாக வளரலாம், அவ்வளவுதான் நான் எதிர்பார்ப்பது.

19 பிப்ரவரி 2023

விளக்கு போட்டுவிட்டார்கள். ஒன்றாம் நம்பர் துளிர்க்கத் தயாராக நின்றது. அதற்குள் நேற்று ராத்திரி காட்டுமாடு. கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்து மரத்தில் உடம்பைத் தேய்த்திருக்கிறது. முட்டுக்கம்பு ஒடிந்து, தண்டில் ஒரு முழ நீளத்துக்குப் பட்டை போச்சு. சுற்றி முழு வட்டமாகப் போகாததால் பிழைக்கும் என்று நம்புகிறேன். காயத்தின் மேல் எதையும் பூசவில்லை. தொங்கின பட்டையை மட்டும் கூரான கத்தியால் சுத்தமாக வெட்டிவிட்டேன்.

9 ஜூலை 2023

ஷில்லாங்கில் வேலை பார்க்கும் மச்சான் 2020இல் கொண்டுவந்து கொடுத்த மூன்று கன்றுகளைப் பற்றி இதுவரை எழுதவில்லை. பெட்டுலா அல்நாய்டஸ். இமயத்தின் தாழ்ந்த சரிவுகள், மேகாலயா, தென்சீனத்து யுன்னான், தாய்லாந்தின் வடக்கு மலைகள் வரை வளர்கிற பிர்ச். வெள்ளைத் தண்டு இல்லாததால் அப்போது எனக்கு அக்கறை இல்லை. ஒன்றைக் கொல்லையில் நட்டேன், ஒன்றைச் சித்தப்பா வீட்டுக்குக் கொடுத்தேன், ஒன்று பையிலேயே கிடந்தது.

கொல்லையில் தெருவிளக்கின் நிழல்கூட விழாது. அங்கே நட்ட கன்று இன்று பன்னிரண்டு அடி. பக்கத்திலேயே ஆறு வருஷத்து மூன்றாம் நம்பர் முழங்கால் உயரத்தில். குட்டைப் பகல் நாட்டில் பிறந்த மரத்துக்கு நம் பகல் பழகின பகல்.

தண்டு செம்பழுப்பு, பட்டை மெல்லிய செப்புத்தகடாகக் குறுக்கே உரிகிறது. மாலை ஐந்து மணி வெயில் சாய்வாக விழும்போது அந்தச் சுருள்கள் வழியாக வெளிச்சம் சிவந்து தெரியும். இவ்வளவு நாள் இதை நின்று பார்க்காமல் போனேன்.

3 ஜனவரி 2024

லீவுக்கு வந்த அக்கா பையன் ஒன்றாம் நம்பர் பட்டையை உரித்து அதில் பெயர் எழுதியிருக்கிறான். திட்டவில்லை, உட்காரவைத்துச் சொன்னேன். தானாக உதிர்வதை எடுத்துக்கொள்ளலாம், பிடித்து இழுத்தால் அடியில் உள்ள உயிர்த்தோலும் வந்துவிடும், அங்கே கறுப்புத் தழும்பு நிரந்தரம்.

அவன் உரித்த இடத்துக்கு மேலே ஒரு ரூபாய் அளவில் வெள்ளை தெரிகிறது. பிர்ச் பிறக்கும்போதே வெள்ளை இல்லை, முதல் சில வருஷம் பழுப்புத்தான். பெட்டுலின் என்ற பொருள் பட்டையில் சேர்ந்த பிறகே வெளுக்கும். வெளுத்தாலும் நம் மூடுபனியில் பச்சைப் பாசி ஏறும், ஈரத்துணியாலோ மெல்லிய பிரஷ்ஷாலோ கழுவிக்கொண்டே இருக்க வேண்டும்.

26 மே 2024

கொடைக்கானல் அக்கா நாலு வருஷம் கழித்து வந்து கேட்டிருக்கிறார்: "தம்பி, முழுசாப் படிச்சேன். வெள்ளை வேண்டாம், அந்தச் செம்புத் தண்டு மரம் கிடைக்குமா?"

பையில் கிடந்த மூன்றாவது கன்று உங்களுக்குத்தான் அக்கா. ஒரு நிபந்தனை, கூடலூர் தம்பி கேட்ட கேள்விக்காக. அல்நாய்டஸ் இந்திய மரம்தான், ஆனால் நம் மலையின் மரம் இல்லை. பூங்கதிர் விட ஆரம்பித்தால் பழுக்கும் முன் வெட்டும் உயரத்திலேயே மரத்தை வைத்திருங்கள். நானும் என்னுடையதை இந்த ஆகஸ்டில் பத்தடிக்குக் குறைக்கப் போகிறேன். நீங்கள் மூன்று மரத்துக்கு இடம் வைத்திருந்தீர்கள். மற்ற இரண்டு குழியிலும் நம் மலை மரமான காட்டுப்பூவரசு (ரோடோடென்ட்ரான்) வையுங்கள், ஜனவரியில் சிவப்பாகப் பூக்கும்.

கன்றைச் சாக்கில் சுற்றி, ஜூன் மழை பிடித்ததும் பஸ்ஸில் அனுப்புகிறேன். வேர்மண் உதிராமல் பையை பிளேடால் கீறி எடுங்கள். வேர் பைக்குள் வட்டமாகச் சுற்றியிருக்கும், நாலு பக்கம் விரலால் பிரித்துவிடுங்கள். பையில் மண் எதுவரை இருந்ததோ அதே மட்டம்தான் குழியிலும், ஒரு விரல்கூட ஆழமாக வேண்டாம். கேட் பக்கம் தெருவிளக்கு இருக்கிறது என்று முன்பு எழுதியிருந்தீர்கள். வீட்டுக்குப் பின்னால் வையுங்கள்.